பங்குனியிலேயே 38 டிகிரி: வரும் வாரம் வட மாவட்டங்களில் வெயில் எப்படி இருக்கும்

இந்த வாரம் வெயில் ஏறப்போகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கு மாவட்டங்களையும் மனதில் வைத்துச் சொல்கிறேன், மற்ற பகுதிகளுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். திங்கள்கிழமை 36 டிகிரியை ஒட்டி ஆரம்பித்து, செவ்வாய் ஒரு டிகிரி கூடி, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் 38ஐத் தொட்டு நிற்கும், வேலூரிலோ திருப்பத்தூரிலோ ஒரு நாளாவது 39ஐ எட்டும் என்பது என் கணிப்பு. 37.8 டிகிரி செல்சியஸ் என்றால் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதனால் வாரத்தின் நடுவில் பத்திரிகையில் "வெயில் சதம் அடித்தது" என்ற செய்தி வந்துவிடும். சனி, ஞாயிறில் மலையை ஒட்டிய ஊர்களில் மாலையில் இடியோடு மழைக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது.

வெறும் டிகிரி மட்டும் வேண்டுமென்றால் இதுவே போதும். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும், வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருப்பவர்களும் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். ஏனென்றால் நான் பயப்படுவது மே மாதத்து 41ஐ விட இந்த மார்ச் கடைசி 38ஐப் பார்த்துத்தான்.

முதலில் காரணம். போன வாரம் வரை நமக்குத் தென்கிழக்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று. விடியற்காலையில் பாலாற்றுப் பக்கம் லேசான மூட்டம், வண்டி சீட்டில் ஈரம், பகலில் எவ்வளவு அடித்தாலும் 35ஐ ஒட்டி நின்றுவிடும். இப்போது காற்று திரும்புகிறது. மேற்கு, வடமேற்குத் திசையிலிருந்து, கர்நாடகத்தின் உட்பகுதியையும் ராயலசீமாவையும் கடந்து, முழுக்கத் தரை மேலேயே வருகிற காய்ந்த காற்று. கூடவே தீபகற்பத்துக்கு மேலே உயர் அழுத்தம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அப்படி இருக்கும்போது மேலே இருக்கும் காற்று மெல்லக் கீழிறங்கும், இறங்க இறங்க அழுத்தம் கூடிச் சூடாகும், மேகம் கட்ட விடாது. வானம் பளிச்சென்று இருக்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்த நீலம்தான் இந்த வாரத்துக்கான எச்சரிக்கை.

மூன்றாவது காரணம் தரை. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மார்ச் வந்தால் மேல்மண்ணில் மிச்சம் இருக்காது. மண்ணில் ஈரம் இருக்கும் வரை வெயிலின் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஈரம் போய்விட்டால் முழு வெயிலும் தரையைச் சூடாக்கும், காய்ந்த வயலும் வெறும் ஏரித் தரையும் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். காற்றைச் சூடாக்குவது நேரடியாகச் சூரியன் இல்லை, சூடான தரைதான். அதனால்தான் நம் ஊரில் சூரியன் 12:15 வாக்கில் உச்சிக்கு வந்தாலும் அன்றைய அதிகபட்ச வெப்பநிலை இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் பதிவாகிறது. "உச்சி வெயில் முடிந்துவிட்டது" என்று இரண்டு மணிக்கு வெளியே கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சூரியனும் வேகமாக வடக்கே வந்துகொண்டிருக்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும், மதுரையில் ஏப்ரல் 16 வாக்கிலும், சென்னை, வேலூர் பக்கம் ஏப்ரல் 24 வாக்கிலும் நண்பகலில் நேர் தலைக்கு மேல் நிற்கும், நட்டு வைத்த கம்புக்கு நிழல் விழாது. கத்திரி வெயில் தொடங்குவது மே 4 வாக்கில்தான் என்று பஞ்சாங்கம் சொல்கிறது, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பங்குனியில் பகல் வழி நடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததும் இதே ஊரில்தான்.

சரி, மற்ற பகுதிகள்.

சென்னைக்கும் கடலோரத்துக்கும் இது புழுக்க வாரம். அதிகபட்சம் 34, 35ஐத் தாண்டாது. மார்ச், ஏப்ரலில் கடற்காற்று சீக்கிரமே உள்ளே வந்துவிடும், பல நாள் நண்பகலுக்கு முன்பே. மே கடைசியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று பலமாகி அந்தக் கடற்காற்றைத் தடுத்து நிறுத்தும்போதுதான் சென்னை கொதிக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது, இன்று வரை அதுதான் அந்த ஊரின் உச்சம். இந்த வாரம் மேற்குக் காற்று கொஞ்சம் பலம் பிடித்தால், வியாழன் அல்லது வெள்ளி ஒரு நாள் கடற்காற்று தாமதமாகி மீனம்பாக்கத்தில் 36, 37 போகலாம். நுங்கம்பாக்கத்தை விட மீனம்பாக்கத்தில் ஒரு டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம்தான், கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அல்லவா. காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி ஊர்களுக்குப் பகல் எங்களோடு சேர்ந்த பகல், மாலை சென்னையோடு சேர்ந்த மாலை. அதாவது மூன்று மணி வரை காயும், பொழுது சாய்ந்த பிறகு கடற்காற்று எட்டிப்பார்த்துக் கொஞ்சம் ஆற்றும்.

கொங்குப் பக்கம் ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பரமத்தி எல்லாம் எப்போதும் போலப் பட்டியலின் மேலே இருக்கும், 38, 39 என்று. கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வரம். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து விட்டிருக்கிறது, அரபிக்கடல் காற்று மாலையில் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதே கணவாய் வழியாக வரும் ஈரம்தான் ஏப்ரலில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கோடை மழையைக் கொட்டும். இந்த வாரம் அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

டெல்டாவில் 35, 36. மதுரை, திருச்சி, விருதுநகர் 37, 38. தென்காசி, நெல்லை, குமரியில் வாரக் கடைசியில் நம்மை விட ஒரு நாள் முன்னதாகவே மழை ஆரம்பிக்கலாம், மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பக்கமிருந்து ஈரக் காற்று அங்கேதான் முதலில் ஏறும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் வாரி வைத்த உப்பு இருந்தால் சனிக்கிழமைக்கு முன்பு மூடிவிடுவது நல்லது. உப்பு விளையும் நேரத்தில் அரை மணி நேர மழை வந்தாலே பாத்தி கரைந்து பல நாள் வேலை போய்விடும்.

ஊட்டி, கொடைக்கானல் பற்றிக் கேட்பார்கள். அங்கேயும் இயல்பை விட ஒன்று இரண்டு டிகிரி கூடத்தான் இருக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி வரை போனதைப் பார்த்தோம். எங்கள் ஏலகிரி கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம், அடிவாரத்தை விட ஆறு ஏழு டிகிரி குறைவாக இருக்கும், ஆனால் நண்பகல் வெயில் அங்கேயும் சுள்ளென்றுதான் அடிக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வாரம் எங்கள் மாவட்டங்களுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வர வாய்ப்பே இல்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அளவுகோல்படி சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30 தாண்ட வேண்டும். அதோடு அந்த இடத்தின் இயல்பை விட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நேரடியாக 45ஐத் தொட வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் ஒரு நாள் பதிவானால் போதாது, ஒரு வானிலைப் பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் இரண்டாவது நாள்தான் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். நம்முடைய 38, 39 இந்தக் கணக்கில் எங்கேயும் சேராது. "அதிகபட்ச வெப்பநிலை இயல்பை விட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கக்கூடும்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். கூடவே, அதிக வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம் என்று இன்னொரு வரி. அந்த அளவுகோல் நாடு முழுமைக்கும் போட்டது, அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் எச்சரிக்கை வரவில்லை என்பதை ஆபத்து இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அதிகமாக வியர்க்கும், வியர்வையில் வெளியேறும் உப்பு குறையும், உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவும் கொஞ்சம் கூடும், இதயத் துடிப்பு தாறுமாறாக ஏறாது. இதெல்லாம் தானாக நடக்கும், ஆனால் ஒரே நாளில் நடக்காது. மே மாதம் 41 அடிக்கும்போது நம் உடம்பு ஏற்கெனவே தயாராக இருக்கும், ஊரும் தயாராக இருக்கும், மோர்ப் பந்தல் போட்டிருப்பார்கள், மேஸ்திரிகள் நேரத்தை மாற்றியிருப்பார்கள், பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருக்கும். மார்ச் கடைசியில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதிவிட்டு மதியம் ஒன்றேகால் மணி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். கட்டட வேலை முழு வேகத்தில் நடக்கும். நூறு நாள் வேலைக்காரர்கள் ஏரிக்குள் நிழலே இல்லாத இடத்தில் மண் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள். கான்கிரீட் போடும் நாள் என்றால் பாதியில் நிறுத்த முடியாது, ஆரம்பித்தால் ஒரே மூச்சாக முடிக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். சாரத்துப் பலகையில் வரிசையாக நின்று சித்தாள் பெண்கள் கலவைச் சட்டியைக் கை மாற்றி மேலே அனுப்புகிறார்கள், தலையில் சும்மாடு, சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. கீழே ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் இருக்கிறது, ஒரே ஒரு சொம்பு. ஆண்கள் வந்து வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். பெண்கள் வாய் நனைத்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். ஏன் அக்கா குடிக்கவில்லை என்று கேட்டால், "குடிச்சா எங்க சாமி போறது" என்கிறார் ஒருவர். அந்த இடத்தில் கழிப்பறை இல்லை, சுற்றிலும் வீடுகள். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வரை அடக்கிக்கொள்வதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். 38 டிகிரியில் கனமான வேலை செய்கிற ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வை போகும். அந்தப் பெண்களுக்குத் தலைச்சுற்றல் வருவதும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும், சிறுநீர்க் கடுப்பும் வெயிலால் மட்டும் வருவதில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: பக்கத்து வீட்டில் பேசியாவது, வாடகைக்கு எடுத்தாவது, சித்தாள் பெண்களுக்கு ஒரு கழிப்பறை ஏற்பாடு செய்யுங்கள். குடை, தொப்பி, குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது நேரம். தளம் போடும் நாளைத் தவிர்த்து மற்ற வேலைகளைக் காலை ஆறரைக்கே ஆரம்பித்து பதினொன்றரைக்கு நிறுத்திவிட்டு, நாலு மணிக்கு மறுபடியும் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். தளம் போடுவதாக இருந்தால் புதன், வியாழன், வெள்ளியை விட்டுவிடுங்கள். திங்களோ செவ்வாயோ விடியற்காலையில் ஆரம்பிப்பது ஆளுக்கும் நல்லது, கான்கிரீட்டுக்கும் நல்லது, காய்ந்த காற்று அடிக்கும் நாளில் மேல்பரப்பு சீக்கிரம் உலர்ந்து வெடிப்பு விடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களும், ஊருக்குப் போய்விட்டுப் பல நாள் கழித்துத் திரும்புகிறவர்களும் தனிக் கவனம் வேண்டியவர்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு கூட்டிக்கொண்டே போவது. நம் ஊரில் தினக்கூலிக்கு வருகிறவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு வேலை என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூலி என்று ஆகிவிடும், அது நடக்காது. ஆனால் முதல் மூன்று நாளைக்கு நிழல் வேலை கொடுக்கலாம், கம்பி கட்டுவது, செங்கல் நனைப்பது, உள் பூச்சுக்குக் கலவை கொடுப்பது என்று. முழுக் கூலியோடு.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெப்பத்தால் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பணம் ஆள் போன பிறகு வருவது. குடிதண்ணீரும் நிழலும் கழிப்பறையும் அதற்கு முன்பு கிடைக்க வேண்டியவை.

ராத்திரிக்கு வருகிறேன். பகல் டிகிரியைப் பார்க்கும் யாரும் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. மார்ச்சில் வேலூரின் விடியற்காலை 22ஐ ஒட்டி இறங்கும், அதனால்தான் பகலில் எவ்வளவு காய்ந்தாலும் உடம்பு மறுநாளுக்குத் தேறிவிடுகிறது. இந்த வாரம் முதல் பாதியில் காற்று காய்ந்தே இருப்பதால் ராத்திரி தாங்கும், 23க்கு இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை வாக்கில் ஈரம் திரும்ப ஆரம்பிக்கும்போது 25, 26 என்று நிற்கும். வானிலை நிலையத்தில் அளக்கும் எண் அது. நிழலில், காற்றோட்டமாக, நாலடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளப்பது. சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், கை சுடும். ஃபேன் போட்டால் ஷீட்டுக்கு அடியில் நிற்கும் அனல்தான் கீழே இறங்கும். வேலூரில் அதோடு மலையும் சேர்ந்துகொள்கிறது, ஊரைச் சுற்றி மரமே இல்லாத மொட்டைப் பாறைகள், பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு விட ஆரம்பிக்கும். மலையடிவாரத் தெருக்களில் இரவு எட்டு மணிக்கு நடந்தால் பாறைப் பக்கத்துக் கன்னத்தில் மட்டும் அனல் படும். அந்தத் தெருக்களில்தான் ஷீட் வீடுகளும் அதிகம்.

ஷீட் வீடுகளில் இருப்பவர்கள் முடிந்தால் இந்த வாரமே ஷீட்டின் மேல் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், செலவு குறைவு, பலன் தெரியும். தென்னங்கீற்று கிடைக்கும் இடத்தில் கீற்றைப் பரப்பிக் கட்டலாம், ஆனால் அடுப்புப் புகைபோக்கியும் கரண்ட் வயரும் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். மாலையில் ஷீட் மேல் தண்ணீர் அடிப்பது காய்ந்த காற்று வீசும் புதன், வியாழனில் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். இதே காரணத்தால் ஏர் கூலரும் வாரத்தின் முதல் பாதியில் நன்றாகக் குளிர்விக்கும், சனிக்கிழமை அவ்வளவாக எடுபடாது, அதைப் பார்த்துவிட்டு கூலர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கரண்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. மார்ச்சில் அவ்வளவு போகாது, ஆனால் எல்லா வீட்டிலும் ஏசியை முதல் முறையாகப் போடுகிற வாரம் இதுதான். இரவு பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போவதற்குத் தயாராக இருங்கள். வீட்டில் ஆக்ஸிஜன் கருவியோ நெபுலைசரோ வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டர் பேட்டரியை இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

உடம்பு காட்டும் அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, அதிக வியர்வை என்றால் உடனே நிழலுக்கு வந்து, துணியைத் தளர்த்தி, உப்பு சேர்த்த மோரோ ஓஆர்எஸ் கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் தேறிவிடும். ஆள் உளறுகிறார், தள்ளாடுகிறார், கூப்பிட்டால் பதில் சம்பந்தமில்லாமல் வருகிறது, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்ப வாதம், உயிர் போகும் விஷயம். 108க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும் வரை சும்மா இருக்காமல் தலையோடு தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சாராயம் குடித்திருக்கிறார் என்று நினைத்து ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுப் போவது நம் ஊரில் நடக்கிறது, அது ரொம்பக் கொடுமை. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இந்த வாரமே டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், தாங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மழைக்கு வருவோம். வெள்ளி இரவிலிருந்து காற்று மறுபடியும் தென்கிழக்குக்குத் திரும்ப ஆரம்பிக்கும். உள்ளே மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதியிலிருந்து உள் கர்நாடகம் வழியாகத் தமிழகம் வரை ஒரு கோடு மாதிரி, கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் சந்திக்கும் பகுதி இந்தப் பருவத்தில் அடிக்கடி உருவாகும். கடலிலிருந்து வரும் ஈரமும் தரையிலிருந்து வரும் காய்ந்த காற்றும் அங்கே முட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் மேலே எழும்பும், மதியம் வரை ஏறிய சூடு அதற்கு உந்துதல் கொடுக்கும், நாலு மணிக்கு மேல் மேகம் திரண்டுவிடும். நம் பக்கத்தில் முதலில் கட்டுவது ஜவ்வாது மலை, ஏலகிரி, அப்புறம் கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லை. சனிக்கிழமை ஆலங்காயம், ஜமுனாமரத்தூர், நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு சாரல் இருக்கலாம், ஞாயிறு கொஞ்சம் பரவலாகி வாணியம்பாடி, ஆம்பூர், போளூர் வரை வரலாம். வேலூர் நகரத்துக்கு வாய்ப்பு குறைவுதான்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் இதற்கு "ஓரிரு இடங்களில்" என்று போடுவார்கள். அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்று அதற்குக் கணக்கு. "சில இடங்களில்" என்றால் பாதி வரை. அப்படியானால் நான்கில் மூன்று பேருக்கு மழை இல்லை என்று ஆய்வு மையமே சொல்கிறது, உங்கள் தெருவில் பெய்யவில்லை என்று அவர்களைத் திட்டுவதில் நியாயமில்லை. போனில் இருக்கும் செயலி உங்கள் ஊருக்கு மாலை ஐந்து மணிக்கு 60 சதவீதம் மழை என்று காட்டினாலும், கோடை இடிமழை எந்த ஏரியில் விழும் என்பதை நாலு நாள் முன்னால் எந்தக் கணினி மாதிரியாலும் சொல்ல முடியாது. அன்று மதியம் மூன்று மணிக்கு ரேடார் படத்தைப் பாருங்கள், அதுதான் உருப்படியான வழி.

விவசாயிகளுக்கு: நவரை நெல் கதிர் முற்றி நிற்கும் வயல்களில் ஞாயிறுக்கு முன்பு அறுக்க முடிந்தால் அறுத்துவிடுங்கள், மழையை விட அதற்கு முன்னால் வரும் காற்றுதான் பயிரைச் சாய்க்கும், 30, 40 கி.மீ. வேகம் போதும். வாழைக்கு முட்டுக் கொடுப்பதை வெள்ளிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் மாந்தோப்புகளில் இப்போது பிஞ்சு பிடித்திருக்கும். வாரம் முழுக்கக் காய்ந்த காற்று அடித்தால் பிஞ்சு உதிரும், நீர் வசதி இருப்பவர்கள் மரத்தின் அடியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிதமான மழை வந்தால் மாமரத்துக்கு நல்லதுதான், ஆலங்கட்டி வந்தால் பிஞ்சில் தழும்பு விழும். ஆடு மாடுகளைப் பதினொன்றுக்கு மேல் வெட்டவெளியில் கட்டாதீர்கள், எருமைக்கும் கலப்பினப் பசுவுக்கும் வெயில் சீக்கிரம் ஏறும், பால் குறைவதில்தான் முதலில் தெரியும்.

வருடத்தின் முதல் இடிமழைகளில் மின்னல் அதிகம். தூரத்தில் இடி கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள், மழை வரட்டும் என்று காத்திருக்காமல் மேய்ச்சலில் இருப்பவர்கள் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். புளியமரத்தடி, பனைமரத்தடி கூடவே கூடாது. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்டிருக்கும் தாமினி செயலி சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். வீட்டில் யாராவது ஒருவர் போனில் அதைப் போட்டு வையுங்கள், மாடு மேய்க்கப் போயிருப்பவருக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

சனிக்கிழமை காலை காற்றின் திசையைப் பார்த்துவிட்டு மழை பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன். ஞாயிறு மாலைக்குள் காற்று தென்கிழக்குக்குத் திரும்பிவிட்டால் திங்கள்கிழமை ஒன்று இரண்டு டிகிரி இறங்கி 36க்கு வந்துவிடும், ராத்திரிப் புழுக்கம் மட்டும் கூடும். திரும்பாமல் மேற்கிலிருந்தே வீசிக்கொண்டிருந்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் 40ஐப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.